இருபத்தேழாம் எண் வீட்டின் நான்காவது அறை

நாங்கள் தங்கப்போகும் வீட்டை அப்பா மொட்டை மாடியில் வரைந்தார். சுண்ணக்கட்டியால், முழு அளவில்.

அந்த வீடு வேறொரு நாட்டில், ஒரு பழைய கால்வாய் நகரத்தில் இருந்தது. அங்கே தெருவுக்குப் பதில் தண்ணீர், பஸ்ஸுக்குப் பதில் படகு. முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு துணி வியாபாரி கட்டிய மாளிகை. அதன் மூன்றாவது மாடியை மட்டும் விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஹால் கூரையில் மேகங்களும் குதிரைகளும் வரைந்திருந்தன. பால்கனிக்கு நேர் கீழே படகுத்துறை.

"வாழ்நாள்ல ஒரு தடவையாவது மாளிகையில படுத்து எந்திரிக்கணும்" என்று சித்தி சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம். சித்தி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். அவள் ஆசைப்பட்டால்கூட அறிவிப்பு மாதிரி இருக்கும். வருடக் கடைசியில் ஆறு பேருக்கும் ஒரே வாரம் ஒழியும் என்று அடுத்த மாதமே தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் அது சூரிய கிரகணத்தைவிட அபூர்வம்.

வீடு தேடும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு ஆட்களிடம் பேச வராது. எழுத வரும். முப்பத்தொரு வீடுகளைப் பிடித்து, எண் போட்டு, அட்டவணை தயாரித்தேன். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் எண்களில்தான் சண்டை போட்டார்கள்.

"பதினாலுக்கு பால்கனி இல்ல."

"ஒன்பதுல திரைச்சீலை கண்றாவியா இருக்கு."

"பத்தொன்பதுக்கு லிஃப்ட் கிடையாது. செத்தாலும் வரமாட்டேன்."

கடைசியாகச் சொன்னவர் அத்தான், அக்காவின் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். படி ஏறுவது சோறு போடும் தொழிலுக்குச் செய்யும் துரோகம் என்பார். திரைச்சீலையைக் குறை சொன்னது அம்மா. அதைத் தைத்து விற்பவள் அவள். எந்தப் படத்தைக் காட்டினாலும் அவளுக்கு முதலில் ஜன்னல்தான் கண்ணில் படும். அக்காவுக்குக் கூரையில் ஓவியம் இருந்தே ஆக வேண்டும். சித்திக்குத் தனி அறை. அது அவள் கேட்டதல்ல, மற்றவர்கள் கேட்டது. சித்தியின் குறட்டையோடு ஒரே அறையில் படுத்தவர்கள் மறுநாள் யாரோடும் பேசுவதில்லை.

ஏழு வாரம் ஓடியது.

"கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார்னு சொன்னவங்க நம்ம வீட்ல ஒரு டூர் போட்டுப் பார்த்திருக்கணும்" என்றாள் அம்மா.

ஒருவழியாக இருபத்தேழில் எல்லோரும் ஒத்துப்போனோம். அதில் ஓவியம் இருந்தது, பால்கனி இருந்தது, இரண்டு பேர் நிற்கக்கூடிய சின்ன லிஃப்ட்டும் இருந்தது. வீட்டுக்காரர் புதன்கிழமை மாலை ஆறு மணி வரை அதை எங்களுக்காக நிறுத்தி வைப்பதாக எழுதினார். அதற்குள் உறுதி செய்ய வேண்டும். செய்துவிட்டால் மாற்ற முடியாது.

அப்பா கட்டட அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் வரைபடம் போட்டவர். போன வருடம் ஓய்வு பெற்றார். இருபத்தேழுக்கு வரைபடம் தரவில்லை, பதினெட்டுப் படங்கள் மட்டும்தான் இருந்தன. அப்பாவுக்கு அது போதும். கதவின் உயரம் ஏழடி என்று வைத்துக்கொண்டார். அச்செடுத்த படங்களின் மேல் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு சுவராகக் கணக்குப் போட்டு, வீட்டையே பெயர்த்து எங்கள் மாடிக்குக் கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிறு மாலை எல்லோரையும் மேலே அழைத்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. கோடு அழிஞ்சிரும்."

"மாளிகைக்குள்ள வரோம்ல மாமா, கழட்டாம எப்படி?" என்றார் அத்தான்.

"தண்ணித் தொட்டி இருக்கிற பக்கம் கால்வாய். இங்க வாசல். இது ஹால், இருபத்திரண்டுக்குப் பதினாறு. சுவத்துல நடக்காதீங்க மாப்ளே, சுத்தி வாங்க."

அத்தான் கோட்டிலிருந்து காலை எடுத்துவிட்டு, இல்லாத கதவை இல்லாத கைப்பிடியால் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அக்கா ஹாலின் நடுவில் மல்லாந்து படுத்தாள். கூரை ஓவியத்தை எந்தக் கோணத்தில் படம் எடுப்பது என்று பார்க்கிறாளாம்.

"இங்கேயே மேகம் இருக்கு" என்றாள்.

"குதிரைதான் இல்ல" என்றார் அத்தான். "எந்திரி, நாலு பேர் நடக்கிற இடம்."

சித்தி தன் அறைக்குள் போய் நின்று, கையை நீட்டிச் சுற்றிப் பார்த்தாள். "பரவாயில்லையே, ரெண்டு பேர் படுக்கலாம் போலிருக்கே."

"யாரு அந்த இன்னொருத்தர்?" என்று அம்மா கேட்டாள். "தைரியசாலி யாராவது இருந்தா சொல்லு, கல்யாணமே பண்ணி வைக்கிறேன்."

மூன்று படுக்கையறைகள். ஒன்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும், ஒன்று அக்காவுக்கும் அத்தானுக்கும், ஒன்று சித்திக்கு. எங்கள் குடும்பம் எந்த ஊருக்குப் போனாலும் கணக்கு இப்படித்தான் முடியும். மீதி நான். எனக்கு ஹால்.

"ஹால் டிக்கெட் எங்க?" என்றார் அத்தான். அவர் எனக்கு வைத்த பெயர் அது. பன்னிரண்டு பயணங்களாக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஹாலில் படுத்தால் எல்லோரும் தூங்கப் போன பிறகுதான் தூங்க முடியும். யார் பாத்ரூம் போனாலும் தலைமாட்டில் விளக்கு எரியும். காலையில் முதலில் எழுந்தவர் காபி கலக்கும் சத்தத்தில் எழ வேண்டும். துணி மாற்ற பாத்ரூம் காலியாகும்வரை பையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொந்த வீட்டிலும் என் அறையில் பாதி அம்மாவின் துணி மூட்டைகளுக்கு. ஆர்டருக்குத் துணி எடுக்க அவள் எந்த நேரமும் உள்ளே வருவாள். ஐந்து இரவு, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை. ஏழு வாரமாக முப்பத்தொரு வீடுகளிலும் நான் தேடியது அதைத்தான். அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் போடக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

"இந்தத் தடவை அவ ஹால்ல படுக்க மாட்டா" என்றார் அப்பா.

ஹாலின் வலது மூலையில் இன்னொரு செவ்வகம் வரைந்திருந்தார். எட்டுக்குப் பத்து.

"விளம்பரத்துல மூணு ரூம்னுதான போட்டிருக்கு மாமா?" என்றார் அத்தான்.

"ஒத்தக் கட்டில் ரூமை அவங்க கணக்குல சேர்க்கறதில்ல. ஏழாவது படத்தைப் பாருங்க. வலது பக்கம் வளைவு மாதிரி ஒரு வாசல். உள்ள ஜன்னல், ஜன்னலுக்குக் கீழ ஒரு திவான். தெரியுதா? எனக்கு முதல்லயே சந்தேகம். வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் எட்டடி இடிக்குது. வெளியில அஞ்சு ஜன்னல், உள்ள எண்ணினா நாலுதான். எட்டடி எங்க போகும்? இங்கதான் இருக்கு."

எல்லோரும் அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார்கள்.

"வெளிச்சம் நல்லா வருது" என்றாள் சித்தி.

"ஹால்ல போட்ட அதே துணியில இங்கயும் திரைச்சீலை" என்றாள் அம்மா. "நல்ல ரசனை உள்ளவங்க."

"பெட்டியெல்லாம் அங்க போட்டுடலாம்" என்றார் அத்தான்.

"அது அவ ரூம்" என்று அப்பா அழுத்திச் சொன்னார்.

நான் அந்தச் செவ்வகத்துக்குள் போய் நின்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நான் இயற்பியல் படித்தவள். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அறுத்துத் தரும் இடத்தில் பரிசோதகர் வேலை. ஒவ்வொரு லென்ஸையும் கருவியில் வைத்து, சீட்டில் எழுதிய பவர்தானா, மையம் தள்ளிப் போயிருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு லென்ஸ். யாரிடமும் பேச வேண்டாம் என்பதால் எனக்குப் பிடித்த வேலை.

மதியம் சாப்பிடும்போது ஏழாவது படத்தைத் திறந்தேன். என் அறை. எத்தனையாவது தடவை என்று தெரியாது. திவானில் படுத்தால் தலை எந்தப் பக்கம் இருக்கும், புத்தகத்தை எங்கே வைப்பது என்று யோசித்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. எண்கள் இல்லை, கோடுகள் மட்டும். மணி ஒன்று நாற்பது.

அடுத்தடுத்த படங்களையும் தள்ளிப் பார்த்தேன். ஐந்தாவது படத்தில் ஹாலில் அதே மாதிரி கடிகாரம். மணி பத்து பதினெட்டு. தரையில் ஜன்னல் வெயில் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. ஏழாவது படத்தில் வெயில் பட்டை அப்படியே, அதே இடத்தில் இருந்தது.

பத்து பதினெட்டுக்கும் ஒன்று நாற்பதுக்கும் நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. சூரியன் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்காது.

பன்னிரண்டிலிருந்து ஒன்று நாற்பதைக் கழித்தேன். பத்து இருபது.

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

பக்கத்து மேஜையில் லென்ஸை ஃபிரேமில் பொருத்துபவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் நானாகப் பேசி நான்கு மாதம் இருக்கும். போனை நீட்டினேன்.

"அண்ணே, இது என்னன்னு தோணுது?"

அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை. "நிலைக்கண்ணாடி. பெரிசு. ஏன்?"

"ரூம் மாதிரி தெரியலையா?"

"கண்ணாடிக்குள்ள எல்லாமே ரூம் மாதிரிதான் தெரியும். சாய்ச்சு எடுத்திருக்கான், அதான் எடுத்தவன் மூஞ்சி விழல." போனைத் திருப்பித் தந்தார். "எங்க வாங்கப் போறீங்க?"

"வாங்கல. உள்ள படுக்கப் போறேன்" என்றேன்.

அவர் முதல் தடவையாக என்னை நன்றாகப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்காரருக்கு எழுதினேன். ஹாலின் வலது பக்கம் சிறிய அறை ஏதும் உண்டா என்று கேட்டேன். செவ்வாய் காலை பதில் வந்தது. மிகப் பணிவான பதில். அறை இல்லை, அது தரையிலிருந்து கூரைவரை உயர்ந்த பழங்காலத்து நிலைக்கண்ணாடி. விருந்தினர்களுக்கு மிகவும் பிடிக்கும். அதன் பின்னால் இருப்பது லிஃப்ட்டும் படிக்கட்டும். ஆறாவது நபருக்கு ஹால் சோஃபாவை விரித்துக் கட்டிலாக்கலாம், மிக வசதியானது.

அன்று வேலை முடிந்து வந்தபோது அப்பா சாப்பாட்டு மேஜையில் இருந்தார். மாடியில் போட்டதைத் தாளில் மையால் வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஆளின் பெயரை எழுதியிருந்தார். என் பெயர் எழுதிய மை இன்னும் ஈரமாக இருந்தது.

"அப்பா, ஒரு நிமிஷம்."

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கடிகாரத்தைக் காட்டி, கண்ணாடியில் இடவலம் மாறினால் பத்து இருபது ஒன்று நாற்பதாகத் தெரியும் என்றேன். வெயிலைக் காட்டினேன்.

"இருக்கட்டும்மா. அப்ப அந்த எட்டடி எங்க போச்சு?"

வீட்டுக்காரரின் பதிலைக் காட்டினேன். அப்பா இரண்டு தடவை படித்தார். ஸ்கேலை எடுத்துத் தாளின் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"லிஃப்ட்டுக்கு இடம் விடல" என்றார்.

ஸ்கேலை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

"முப்பத்துநாலு வருஷம். லிஃப்ட்டுக்கு இடம் விடாம ஒரு பிளான் போட்டதில்ல நான்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அதுவும் லிஃப்ட்காரரை மருமகனா வச்சுக்கிட்டு. உங்க அத்தான்கிட்ட சொல்லிடாதம்மா. என் காரியம் முடியற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்."

"சொல்லாம எப்படிப்பா? அங்க போனா தெரிஞ்சிடுமே."

"அங்க போனப்புறம் தெரியட்டும். வீட்டுக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லிக்கலாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார். "சோஃபாவை அளந்தேன். ஆறரை அடி வருது. நீ அஞ்சடி ரெண்டங்குலம்தான."

"சரிப்பா" என்றேன்.

சரி என்ற சொல் என் வாயில் தானாக வரும். கேள்வி என்னவென்று காதில் விழுவதற்கு முன்பே வந்துவிடும். சின்ன வயதிலிருந்து எல்லோரும் என்னை நல்ல பெண் என்று சொல்வது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அட்டவணையைத் திறந்தேன். நான்கு அறை உள்ள வீடு முப்பத்தொன்றில் ஒன்றே ஒன்றுதான். பத்தொன்பது. அதன் சொந்தக்காரிக்கு எழுதினேன். அதே ஐந்து நாட்களுக்கு வீடு காலியாக இருக்கிறதா? நான் இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் பதில் வந்துவிட்டது. காலி. அவரும் மாலை ஆறு மணி வரை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். எழுத்தில் எல்லாம் எவ்வளவு சுலபமாக நடக்கிறது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

மாலை ஐந்து மணிக்கு அக்கா வீட்டில் கூடினோம். உறுதி செய்வதை எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று சித்தி அறிவித்திருந்தாள். அத்தான் வேலை உடுப்போடு, கையில் கிரீஸோடு வந்தார்.

"ஒரு லிஃப்ட்டைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன்."

"உள்ள ஆள் இல்லையே?" என்றாள் அம்மா.

"இருந்தா போன் பண்ணுவாங்க அத்தை."

மடிக்கணினியை மேஜை நடுவில் வைத்தார்கள். எழுத்து வேலை எல்லாம் என் பெயரில் நடந்ததால் நான்தான் பொத்தானை அழுத்த வேண்டும். திரையில் இருபத்தேழின் கூரை தெரிந்தது. அக்கா என் தோளில் கை போட்டுக்கொண்டாள். அப்பா மேஜையின் மறுமுனையில், தன் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நல்ல நேரமெல்லாம் பார்க்க வேண்டாம், அமுக்கு" என்றாள் சித்தி.

நான் அழுத்தவில்லை.

"என்னடி, நெட் இல்லையா?" என்றாள் அக்கா.

"இருக்கு."

"அப்புறம்?"

"எனக்கு ரூம் வேணும்."

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் எதையாவது வேண்டும் என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

"உனக்குத்தான் ரூம் இருக்கே" என்றார் அத்தான். "ஜன்னலோட. பெட்டியைக்கூட உள்ள விடமாட்டேன்னுட்டார் உங்கப்பா."

"அது ரூம் இல்ல. நிலைக்கண்ணாடி."

அத்தான் திரையை எட்டிப் பார்த்தார். ஏழாவது படத்தைப் பெரிதாக்கினார். கிரீஸ் விரல் பட்டுத் திரையில் கறை விழுந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாமா! கண்ணாடிக்குள்ள ரூம் கட்டிட்டீங்களே மாமா!"

அப்பாவின் கையில் தாள் கசங்கியது. "லிஃப்ட்டுக்கு இடம் விடல மாப்ளே. தப்பு என்னோடதுதான்."

"லிஃப்ட்டுக்கா? ஐயோ, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா!"

"அத்தான், நீங்க அங்க பெட்டி வைக்கறேன்னு சொன்னீங்க" என்றேன்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"சித்தி வெளிச்சம் நல்லா வருதுன்னாங்க. அம்மா ரெண்டு பக்கமும் ஒரே துணின்னு சொன்னா. ஒரே துணிதான, அதே திரைச்சீலைதானே அது. நான் நாளெல்லாம் லென்ஸ் பார்க்கறவ. எனக்கே தெரியல. அப்பா மட்டும் இல்ல."

இவ்வளவு நீளமாக நான் பேசி முடித்ததும் மூச்சு வாங்கியது.

"முழுப் பூசணிக்காய் சோத்துக்கு மேலயே இருந்திருக்கு, ஆறு பேர் கண்ணுக்கும் தெரியல" என்றாள் அம்மா. அவள் முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது. திரைச்சீலை விஷயத்தில் அவள் ஏமாந்ததாகச் சரித்திரம் இல்லை.

"இப்ப என்ன, ஹால்ல நான் படுத்துக்கறேன்" என்றாள் சித்தி.

"வேண்டாம்!" என்று நான்கு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்படி என்ன பெரிசா..."

"சித்தி, அந்த ஹாலுக்கு இருபதடி உயரக் கூரை" என்றாள் அக்கா. "எதிரொலிக்கும். கீழ படகுல போறவங்க கரை ஒதுங்குவாங்க."

மணி ஐந்து முப்பத்தைந்து. நான் இன்னொரு பக்கத்தைத் திறந்தேன்.

"பத்தொன்பதை நிறுத்தி வச்சிருக்கேன். ஆறு மணி வரைக்கும். நாலு ரூம். நாலுக்கும் கதவு இருக்கு, சொந்தக்காரிகிட்ட கேட்டுட்டேன். கூரையில படம் இல்ல. லிஃப்ட் இல்ல." அடுத்த வாக்கியத்தை பஸ்ஸில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். "உங்களுக்கு இருபத்தேழுதான் வேணும்னா அதையே போட்டுத் தரேன். நான் வரல. கோவம் இல்ல. ஹால்ல படுக்க இஷ்டமில்ல, அவ்வளவுதான்."

அத்தான் கிரீஸ் கையை உடுப்பில் துடைத்தார்.

"வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்" என்றார் அத்தான். "கடிச்சிருச்சே."

"பன்னெண்டு டூர்" என்றாள் அம்மா மெதுவாக. "ஒரு தடவைகூட நீ சொல்லலையே."

"நீங்களும் கேக்கலம்மா."

இதைச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை. அது தானாக வந்தது.

அம்மா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "பத்தொன்பதைக் காட்டு. ஜன்னல் எப்படி இருக்கு?"

"வெள்ளைத் துணி. தொங்கல் சரியா இருக்கு."

"ம். பரவாயில்ல."

"எத்தனை படி?" என்றார் அத்தான்.

"ஐம்பத்தெட்டு."

"ஐம்பத்தெட்டு!"

"படி ஏழங்குலம்னு வச்சுக்கிட்டா" என்றார் அப்பா, "முப்பத்துநாலடி ஏறணும்."

"மாமா, உங்க கால்ல விழறேன், இனிமே எதையும் அளக்காதீங்க."

அப்பா சிரித்துவிட்டார். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"ஏறுங்க, தொப்பை குறையட்டும்" என்றாள் அக்கா. பிறகு இருபத்தேழின் கூரையை ஒரு தடவை பார்த்தாள். மேகங்கள், குதிரைகள். அவளுக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஏழு வாரமாகப் போனில் அதைத்தான் பின்னணிப் படமாக வைத்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கேட்டால் சரி என்பதும் கூடவே வந்துவிடும் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

"அந்த ஊர்ல கூரையில படம் போட்ட கட்டடம் வேற இல்லாமலா போகும்?" என்றாள் அக்கா. "டிக்கெட் வாங்கிட்டுப் போய்ப் பார்த்துக்கறேன். மூடித் தொலை அதை."

மூடினேன்.

"நான் தினமும் பஸ் பிடிக்க ஓடறவ" என்றாள் சித்தி. "எனக்கு ஐம்பத்தெட்டு ஒரு கணக்கா? மாப்பிள்ளையை வேணா நாலு பேர் தூக்கிக்கலாம்."

"கை தூக்குங்க" என்றாள் அம்மா. "பத்தொன்பதுக்கு யாரு?"

அம்மா முதலில் தூக்கினாள். அப்பா, சித்தி, அக்கா. அத்தான் கடைசிவரை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மேஜைக்குக் கீழே என்ன செய்தாளோ, "ஆ" என்றபடி கையைத் தூக்கினார்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பொத்தானை அழுத்தினேன். உறுதியானது என்று பச்சை எழுத்தில் வந்தது. இருபத்தேழின் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லி எழுதினேன். கண்ணாடி மிக அழகானது என்றும் எழுதினேன். உண்மைதான்.

அதற்குள் மேஜையில் அடுத்த சண்டை தொடங்கியிருந்தது. பத்தொன்பதில் யாருக்கு எந்த அறை என்று.

"பாத்ரூம் பக்கத்துல இருக்கறது எங்களுக்கு" என்றார் அப்பா.

"நான் கடைசியில இருக்கிற ரூம். என் நல்லதுக்கு இல்ல, உங்க நல்லதுக்கு" என்றாள் சித்தி.

"கொஞ்சம் சும்மா இருங்க எல்லாரும்" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பினாள். "உனக்கு எந்த ரூம் வேணும்?"

ஏதாவது ஓர் அறை என்றுதான் நினைத்திருந்தேன். எது என்று யோசித்ததே இல்லை. நான்கு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று சின்ன அறைகள். ஒன்று மட்டும் பெரியது. இரண்டு ஜன்னல்கள் கால்வாயைப் பார்த்து இருந்தன. கட்டிலில் குறுக்கே படுத்தாலும் கால் வெளியே வராது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பெரிசு" என்றேன்.

"அடிப்பாவி!" என்றாள் அக்கா. "நாங்க ரெண்டு பேருடி!"

"தெரியும்" என்றேன்.